மனச்சோர்வும் மூளையின் உணர்ச்சி அறிதலும்

மனச்சோர்வு என்பது துயரம், எதிலும் ஆர்வமின்மை, களைப்பு, தூக்கக் குறைபாடு, தன்னைத் தாழ்வாக எண்ணுதல் போன்ற அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரங்களாவது தொடர்ந்து நீடிக்கும் மனநலக் குறைபாடு ஆகும். பேச்சு வழக்கில் இதனை 'மன அழுத்தம்' என்றும் 'டிப்ரஷன்' என்றும் கூறுவர். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

இந்நோய் மனநிலையோடு நிற்பதில்லை. கண் காணும் முகங்களையும் காது கேட்கும் ஒலிகளையும் மூளை எடைபோடும் முறையையும் அது மாற்றுகிறது. துன்பம் தருபவை மிகையாகவும் நீண்ட நேரத்துக்கும் பதிகின்றன. இன்பம் தருபவை குறைவாகவே பதிகின்றன. இதனை 'எதிர்மறைச் சாய்வு' என்று அழைக்கலாம்.

இயல்பான நிலையில் மூளையின் செயல்பாடு

கண்ணிலிருந்து வரும் செய்திகள் மூளையின் பின்பகுதியிலும், காதிலிருந்து வரும் செய்திகள் இருபக்கப் பொட்டு மடல்களிலும் முதலில் ஆராயப்படுகின்றன. அவற்றுக்கு உணர்ச்சி மதிப்பு அளிப்பதில் மூன்று பகுதிகள் முக்கியமானவை.

1. அமிக்டலா: பொட்டு மடலின் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த, வாதுமைப் பருப்பு வடிவிலான பகுதி. ஆபத்தானவற்றையும் முக்கியமானவற்றையும் விரைந்து கண்டறிய உதவுகிறது.
2. முன்மூளைப் புறணி: நெற்றிக்குப் பின்னால் உள்ளது. எண்ணிப் பார்த்து, எழுந்த உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவுகிறது.
3. முன்புறச் சிங்குலேட் புறணி: மூளையின் நடுப்பக்கத்தில் வளைவாக அமைந்தது. உணர்ச்சியையும் கவனத்தையும் இணைக்கும் பாலம் போன்றது.

அரையிருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றும்போது நாம் சட்டென்று விலகுவதில் அமிக்டலாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அது கயிறுதான் என்று தெளிந்தபின் படபடப்பு அடங்குவதில் முன்மூளைப் புறணிக்குப் பங்கு உண்டு. மனச்சோர்வில் இந்த எழுதல், அடங்குதல் ஆகியவற்றின் சமநிலை குலைகிறது.

காட்சிகள்

மனச்சோர்வு உள்ளவர்கள் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைச் சோகமான முகமாக எடுத்துக்கொள்வது பிறரைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இச்சாய்வு, தெரிந்தே செய்யும் சிந்தனைக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 2001 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் அச்சம் காட்டும் முகப்படம் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் காட்டப்பட்டு, உடனே உணர்ச்சியற்ற முகத்தால் மறைக்கப்பட்டது. பார்த்தவர்கள் முதல் முகத்தைத் தெளிவாக உணரவில்லை. ஆனாலும் மனச்சோர்வு உள்ளோரின் இடப்பக்க அமிக்டலா மற்றவர்களுடையதைவிட மிகுதியாகச் செயல்பட்டது. மூளையின் எப்பகுதியில் குருதியோட்டம் கூடுகிறது என்பதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியின் மூலம் இது அறியப்பட்டது.

எழுத்தில் காணும் சொற்களுக்கும் இது பொருந்தும். 2002 ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் பங்கேற்றோருக்கு வருத்தம் தரும் சொற்கள் காட்டப்பட்டு, அதன்பின் உணர்ச்சி சாராத வேறு பணி தரப்பட்டது. நலமாக இருந்தோரின் அமிக்டலா 10 நொடிகளுக்குள் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளோரிடம் 25 நொடிகள் கழித்தும், வேறு பணியில் ஈடுபட்டிருந்தபோதும், அது அடங்கவில்லை. ஒரு கடுஞ்சொல்லை நாள் முழுவதும் மனத்தில் அசைபோடும் துன்பத்தைப் புரிந்துகொள்ள இம்முடிவு உதவுகிறது.

மாற்றம் மூளைக்கு முன்பே, விழித்திரையிலும் காணப்பட்டுள்ளது. செருமனியின் பிரைபர்க் நகர ஆய்வாளர்கள் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கறுப்பு வெள்ளை வேறுபாட்டுக்கு விழித்திரை எழுப்பும் மின்குறிகை மனச்சோர்வு உள்ளோரிடம் குறைவாக இருந்தது. 'எல்லாம் மங்கலாகத் தெரிகிறது' என்று நோயாளி கூறுவது வெறும் உவமையாக மட்டும் இல்லாமலும் இருக்கலாம்.

ஒலிகள்

ஒலி குறித்து அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் நடத்திய ஆய்வு 2016 ஆம் ஆண்டு வெளியானது. மனச்சோர்வு உள்ள 19 பேரும், அது ஒருபோதும் வராத 20 பேரும் இனிய இசை, சோக இசை, இசையல்லாத இனிய ஒலிகள், இசையல்லாத துன்ப ஒலிகள் ஆகியவற்றைக் கேட்டனர். முன்புறச் சிங்குலேட் புறணியின் ஒரு பகுதி, நலமானவர்களிடம் இனிய ஒலிகளுக்கு மிகுதியாகச் செயல்பட்டது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அதே பகுதி துன்ப ஒலிகளுக்கே மிகுதியாகச் செயல்பட்டது. அப்புறணியின் மேற்பகுதி, நலமானவர்களிடம் இசைக்கும், மனச்சோர்வு உள்ளவர்களிடம் இசையல்லாத ஒலிகளுக்கும் கூடுதலாக இயங்கியது. இசையல்லாத துன்ப ஒலிகளுக்கே அது மிக அதிகமாக இயங்கியது.

சிகிச்சையும் மாற்றமும்

இச்சாய்வு நிலையானதன்று. மேலே கூறிய 2001 ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு வாரம் செர்ட்ரலின் மருந்து எடுத்தபின் நோயாளிகளின் அமிக்டலாச் செயல்பாடு குறைந்தது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஆர்மர் குழுவினர் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. ரெபாக்செட்டின் மருந்தின் ஒரே வேளை அளவுக்குப் பின், நோயாளிகள் மகிழ்ச்சியான முகங்களை அடையாளம் காண்பது மேம்பட்டது. ஆனால் அவர்களின் மனநிலை அப்போது மாறவில்லை.

இதிலிருந்து ஒரு விளக்கம் பிறந்தது. மருந்து முதலில் மூளை எடைபோடும் முறையை மாற்றுகிறது. அன்றாடம் காண்பவையும் கேட்பவையும் புதிய எடையில் சிறிது சிறிதாகச் சேர்ந்த பிறகே மனம் தெளிகிறது. சில நாளில் பயன் தெரியவில்லை என்று மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் இதனை அறிந்திருக்க வேண்டும். ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல் சிகிச்சையும் சாய்ந்த எண்ணங்களைக் கண்டறிந்து சோதித்துப் பார்க்கப் பழக்குகிறது.

ஆய்வுகளின் வரம்புகள்

இவ்வாய்வுகள் பலவற்றில் பங்கேற்றோர் சிலரே. இவை குழுக்களின் சராசரியைக் காட்டுகின்றன. மூளைப் படத்தைப் பார்த்து ஒருவருக்கு மனச்சோர்வு உள்ளதா என்று இன்று முடிவு செய்ய இயலாது. மருத்துவர் நோயாளியிடம் பேசி, அறிகுறிகளை ஆராய்ந்தே நோயைக் கண்டறிகிறார். நோயிலிருந்து மீண்ட சிலரிடமும் இச்சாய்வு காணப்படுவதால், இது நோயின் காரணமா விளைவா என்ற வினாவும் எளிதில் தீர்வதன்று.

அன்றாட வாழ்வில்

'நல்ல பாட்டுக் கேள், நாலு பேரோடு பழகு, எல்லாம் சரியாகிவிடும்' என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பாட்டு கேட்டும் மகிழ்ச்சி வராதவர், குறை தம்மிடமே உள்ளது என்று மேலும் நொந்துபோகிறார். வீட்டாரோ அவரை நன்றி கெட்டவர் என்றும் சோம்பேறி என்றும் எண்ணிவிடுகின்றனர். ஆசிரியர் இயல்பாகப் பார்த்த பார்வையைக்கூட ஒரு மாணவர் கோபம் என்று எடுத்துக்கொண்டு வகுப்பையே தவிர்க்கலாம். இத்தகையோரிடம் அன்பையும் பாராட்டையும் முகக்குறிப்பில் விட்டுவிடாமல் வாயால் தெளிவாகச் சொல்வது நல்லது. சாடையும் கேலியும் தவிர்க்கத்தக்கவை.

அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.