செவிவழிச் சேரும் சொற்கள்

பிரெஞ்சு மொழியைப் பயிலப் புகுந்தோர், சொற்களின் பெருக்கத்தைக் கண்டு சில மாதங்களுக்குள்ளேயே சோர்வடைவதும், அவற்றை நெஞ்சில் நிறுத்தும் உபாயம் யாதென வினவுவதும் சகஜம். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியின் வேகத்தைத் தாமே அளந்து, ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட முடிவு, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடும், எஞ்சியது மெல்லவே தேயும் என்பதாகும். ஆகவே ஒரே இரவில் உருப்போடுவதைக் காட்டிலும், இன்று, நாளை, நான்காம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே நினைவுகூர்வது சாலச் சிறந்தது. தெரிந்த சொல்லின் அட்டையை அடுத்த அறைக்கும், தவறியதை முதல் அறைக்கும் அனுப்பும் பெட்டியொன்றை 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் விவரித்தார். இன்றைய கைப்பேசிச் செயலிகள் பல அதன் சந்ததியே.

ஆயினும், அட்டையைக் கண்ணால் மட்டும் கண்டு திருப்தியடையும் மாணவர், அதே சொல் பிறர் வாயிலிருந்து வரும்போது திகைத்து நிற்பதே என்னை வருத்துகிறது. புழு, பச்சை நிறம், கண்ணாடிக் குவளை, செய்யுளடி ஆகிய நான்கும் அம்மொழியில் நான்கு விதமாக எழுதப்பட்டும், செவியில் 'வேர்' என்ற ஒரே ஒலியாகவே விழுகின்றன. 'அவர்கள் பேசுகிறார்கள்' என எழுதுகையில் வினையின் இறுதியில் வரும் மூன்றெழுத்து விகுதி ஒலிப்பதே இல்லை. வேறிடத்தில் மௌனமாயிருந்த மெய்யோ, உயிரெழுத்தில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் உயிர்பெற்று, 'லே' என்பதும் 'அமி' என்பதும் 'லேஸமி' ஆகின்றன. நூல்களை வாசிக்க மட்டும் கற்போர்க்குக் கண்ணே போதும் என்பாரும் உளர். அவ்வளவில் அது நியாயமே. ஆனால் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகளுள் பலர், பல ஆண்டுகள் பயின்றும் ஒரு சிறு சம்பாஷணையைப் பின்தொடர இயலாதிருப்பது எத்துணைப் பெரிய நஷ்டம்! நிகண்டுகளைச் செய்யுளாக யாத்து, உரக்க ஓதி மனத்திலிருத்திய மரபில் வந்தவர்களுக்கு இந்நிலை நேரலாகாது.

ஆதலால் எச்சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, ஒரு வாக்கியத்தோடு பயில்க. பெயர்ச்சொல்லாயின் ஆண்பால், பெண்பால் காட்டும் முன்னொட்டையும் கூட்டியே கொள்க. அதிலும், உயிரில் தொடங்கும் 'எகோல்' முதலியவற்றை 'லெகோல்' என்று கற்றால் பால் மறைந்துவிடுமாகையால், 'யுன் எகோல்' என்றே கற்பது நலம். வாரம் ஒருமுறை யாரேனும் ஒரு பத்தியை வாசிக்கக் கேட்டு எழுதிப் பார்த்தால், எச்சொற்கள் கண்ணோடு நின்றுவிட்டன என்பது பிழைகளிலிருந்தே புலப்படும். மறுநாள் உரக்க ஓத வேண்டியவை அவையே.