மரபணு மாற்ற உணவு: அச்சமும் உண்மையும்

விதையில்லாத் திராட்சையும் பளபளக்கும் தக்காளியும் மரபணு மாற்றப்பட்டவை என்றெண்ணி, நோயாளிக்கு அவற்றைக் கொடுக்கத் தயங்குவோர் பலர். இத்தயக்கம் தேவையற்றது. நம் சந்தையில் உள்ள இவை தெரிவு, கலப்பினம், பதியம் ஆகிய பழைய முறைகளால் பெறப்பட்டவை. ஓர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் எடுத்து மற்றோர் உயிரில் சேர்ப்பது வேறு முறை.

இந்தியாவில் அம்முறையில் உருவாகி வணிகப் பயிராக விளைவது 2002இல் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தியே. அதன் விதையெண்ணெய் உணவிலும் சேர்கிறது. பி.டி. கத்திரிக்காய் குறித்து ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது; பின்னர் 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. நெடுநாள் விளைவு என்ன, நாட்டு வகைகள் அழியுமா, விதை யார் கையில் இருக்கும் என்று மக்கள் எழுப்பிய வினாக்கள் நியாயமானவை.

ஒவ்வாமை பற்றிய ஐயமும் பொருளுள்ளதே. பிரேசில் கொட்டையின் மரபணு சேர்த்த சோயா, அக்கொட்டை ஒவ்வாதோருக்கு ஒவ்வாது எனச் சோதனையில் தெரிந்தது. அது விற்பனைக்கு வரவேயில்லை. சந்தைக்கு வருமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது இதற்காகவே. பன்னாட்டுச் சந்தையில் இன்றுள்ளவை அச்சோதனைகளில் தேறியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒன்றை மறவாதீர்கள். நீரிழிவு நோயாளிகள் செலுத்திக்கொள்ளும் மனித இன்சுலின், மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்துத் தூய்மைப்படுத்தப்படுவது. உணவு பற்றிய அச்சத்தால் அதனை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஒவ்வாமை இருப்பின் உணவியல் வல்லுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; மருத்துவர் குறித்த காய்கனிகளை ஐயமின்றி உண்ணுங்கள்.