அடைப்பே இல்லை... ஆனாலும் பக்கவாதம்!

பக்கவாதம் என்றாலே பி.பி., சர்க்கரை, கொழுப்பு, சிகரெட் இவைதான் நம் நினைவுக்கு வரும். பெரும்பாலும் காரணமும் இவைதான். ஆனால், இது எதுவுமே இல்லாத முப்பது, நாற்பது வயதுக்காரருக்கும் சில சமயம் கை, கால் விழுந்துவிடுகிறது. தேறி வருகிறார். மறுபடியும் விழுகிறது! 'கொழுப்பு நார்மல், இதயமும் நார்மல். அப்புறம் எப்படி டாக்டர்?' என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

இதற்கு ஓர் அபூர்வமான காரணம் உண்டு. ரத்தக் குழாய் இறுக்கம்.

தூக்கத்தில் கெண்டைக்கால் சட்டென்று பிடித்துக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரிலும் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கி, ரத்த ஓட்டம் குறையும். இறுக்கம் நீடித்தால் பக்கவாதம். இறுக்கம் விட்ட பிறகு படம் எடுத்தால் குழாய் சாதாரணமாகவே தெரியும்! சிலருக்குக் கழுத்துத் தமனியே இப்படி அவ்வப்போது இறுகித் தளரும்.

மூளைக்குள் உள்ள தமனிகள் இறுகும்போது, பெரும்பாலும் தலைவலிதான் முதல் எச்சரிக்கை. சாதாரணத் தலைவலி அல்ல; தலையில் இடி இறங்கியது போல, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஓரிரு வாரங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். தலைவலி குறைகிற நேரத்தில் பக்கவாதம் தாக்குவதும் உண்டு. பெண்களுக்கு, அதிலும் பிரசவமான சில வாரங்களுக்குள், இது வரலாம்.

சில மருந்துகளும் இதைத் தூண்டும். மூக்கடைப்புக்குத் தரப்படும் சூடோஎஃபெட்ரின் பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2024-ல் எச்சரித்தது. ஒற்றைத் தலைவலிக்கான எர்காட், டிரிப்டான் வகை மாத்திரைகள், கஞ்சா, கொகெயின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

நல்ல செய்தி: தூண்டிய மருந்தை நிறுத்தி, தகுந்த சிகிச்சை எடுத்தால், மூளைத் தமனிகள் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். நிமோடிபின், வெரபமில் போன்ற மருந்துகளை டாக்டர் தரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

இடி போன்ற தலைவலி மூளை ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். அதனால் தைலம் தடவிக்கொண்டு படுக்காதீர்கள். வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். 'அதான் சரியாயிடுச்சே' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிய மாத்திரை உட்பட, சாப்பிட்ட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படத்தில் தெரியாத காரணம், நீங்கள் சொல்லும் அந்த விவரத்தில் தெரியலாம்!