குறைந்த தீங்கா, ஒதுங்கியிருப்பதா? வாக்குச்சீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது

ஜும்ஆ முடிந்து எல்கடுவ பஸாரில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். தங்கையின் மகன் சொன்னான்: "இனி நான் வோட் போட மாட்டேன் மாமா. எல்லாரும் ஒண்டுதான்."

அவனுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2015இல், அளுத்கம வன்முறைக்குப் பிறகு, 'குறைந்த தீங்கு' என்று நம்மில் பெரும்பாலோர் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தோம். அந்த ஆட்சியில்தான் 2018 மார்ச்சில் பக்கத்து மாவட்டத்தில் திகன பற்றியெரிந்தது. 2020இல் அடுத்த ஆட்சி நமது ஜனாஸாக்களை எரித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், நாம் அனுப்பிய எதிர்க்கட்சி முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் அந்த அரசின் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவளித்தார்கள்.

ஆனால் ஒதுங்கினால் கை சுத்தமாகிவிடுமா? 2005 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ வென்றது சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால். புலிகளின் பகிஷ்கரிப்பினால் யாழ். மாவட்டத்தில் வாக்களிப்பு வெறும் 1.21 வீதம்; அங்கு பதிவான வாக்காளர்களோ சுமார் 7 இலட்சம். அம்மக்கள் சுயமாக ஒதுங்கவில்லை. ஆனாலும் போடப்படாத வாக்குகளும் முடிவைத் தீர்மானித்தன.

வாக்கு ஒரு சாட்சியம் என்பது உலமாக்கள் பலரின் கருத்து. தகுதியற்றவரைத் தகுதியானவர் என்று சொல்லவும் கூடாது, சாட்சியத்தை மறைக்கவும் கூடாது. இரண்டு தீங்குகளில் ஒன்று தவிர்க்க முடியாதபோது இலேசானதை ஏற்கலாம் என்பதும் பிக்ஹ் விதி. ஆனால் ஏற்பது வேறு, அவரை மேடையேற்றிப் புகழ்வது வேறு.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க நமது சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என மூன்று விருப்பங்கள் வரை அடையாளமிடலாம். எவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதலிரு வேட்பாளர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்த சீட்டுகளில் அந்த இருவருக்கும் உள்ள அடுத்த விருப்பம் எண்ணப்படும்.

2024 செப்டம்பரில் முதன்முறையாக அது நடந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். மற்ற வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள் சுமார் 33 இலட்சம். அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் 3 இலட்சத்துக்கும் குறைவு! மிச்சமெல்லாம் இறுதிப் போட்டியில் பேசவேயில்லை.

இந்தியாவில் 2013 முதல் 'நோட்டா' உண்டு, இங்கே இல்லை. வெற்றுச் சீட்டைப் போட்டால் அது நிராகரிக்கப்பட்ட வாக்கு. 50 வீதம் செல்லுபடியான வாக்குகளில்தான் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் உங்கள் எதிர்ப்பு எங்கே பதிவாகிறது?

மருமகனிடம் நான் சொன்னது இதுதான்: "1ஐ உன் மனச்சாட்சி ஏற்கிற ஆளுக்குப் போடு, அவர் தோற்றாலும் பரவாயில்லை. வரவே கூடாது என்று நீ நினைக்கிற ஆளைத் தடுக்கக் கூடியவருக்கு 2ஐப் போடு."

பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கு வேறு. அது ஒரே பட்டியலுக்குள் ஆட்களைத் தெரிவு செய்வது. அங்கே நமது கேள்வியும் வேறாக வேண்டும்: 20ஆவது திருத்தத்தன்று இவர் எந்தப் பக்கம் நின்றார்?

அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் 'எல்லாரும் ஒண்டுதான்' என்று அதன்பின் சொல்லவில்லை.