நீரில் கலந்த நச்சு உலோகங்களை நீக்கும் வழிகள்

சாயமிடும் நெசவாளருக்கும் பயிரிடும் உழவருக்கும் நல்ல நீரே முதற் பொருளாம். கடலூரில் உப்பனாற்றை அடுத்துச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. அவ்வாற்றின் நீரிலும் வண்டலிலும் உள்ள உலோகங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தார் ஆராய்ந்துள்ளனர். ஆதலின், கடலூர், சிதம்பரம் வட்டார அங்கத்தினர்கள் இப்பொருளை அறிந்திருத்தல் நலம்.

குப்பையும் சாணமும் நாளடைவில் மக்கிப்போகும். பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவையோ தனிமங்களாதலின் அழிவதில்லை. இடமும் உருவும் மாறும், அவ்வளவே. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனினின்று பெரு மீனுக்கும், பின்னர் அதனை உண்பாருக்கும் சென்று சேர்கின்றது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட கொடிய நரம்பு நோய் மீதைல் பாதரசம் சேர்ந்த மீனை உண்டதால் விளைந்ததே. நம் மாநிலத்தில், கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்பினால் 2001-இல் மூடப்பட்டது.

இந்தியத் தர அளவின்படி, 1 லிட்டர் குடிநீரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003-க்கும், ஈயம் 0.01-க்கும், குரோமியம் 0.05-க்கும் மிகலாகாது. இத்துணைச் சிறு அளவைக் கண்ணும் நாவும் அறியமாட்டா. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஈயமும் காட்மியமும் போகா. நீர் சுண்டுந்தோறும் அவற்றின் செறிவு மிகவே செய்யும்.

கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால், ஈயம், காட்மியம், செம்பு முதலியன கரையா நிலையடைந்து கசடாகப் படியும். மஞ்சள் நிறமுடைய நச்சுக் குரோமியத்திற்கு இது மட்டும் போதாது. முதலில், சாயத் தொழிலார் நன்கறிந்த அன்னபேதியால் அதன் இயல்பை மாற்றிப் பின்னர்ச் சுண்ணாம்பிடுதல் வேண்டும். பாதரசத்திற்குக் கந்தக உப்பைச் சேர்ப்பர். அது பாதரசத்தோடு கூடி, சித்த வைத்தியர் இலிங்கம் என வழங்கும் கரையாப் பொருளாகப் படியும். கந்தக உப்பு மிகினும், நீர் அமிலமாயினும் தீங்குண்டாதலின், இது தேர்ந்தோர் மேற்பார்வையிலேயே நிகழத்தக்கது. எஞ்சிய சிறு அளவைக் கந்தகமேற்றிய கொட்டாங்கச்சிக் கரி பற்றிக்கொள்ளும்.

இவ்வழிகளால் உலோகம் நீரைவிட்டு நீங்குமேயன்றி ஒழிந்துபோவதில்லை; கசட்டிலும் கரியிலும் நிற்கும். அக்கசட்டை எருவென்று வயலில் இட்டால் காட்மியம் நெல்லில் ஏறும். வாய்க்காலில் கொட்டினால் செய்த வேலை யாவும் வீணாம். அபாயக் கழிவுக்கென அமைந்த இடத்திற்கே அதனை அனுப்புதல் வேண்டும்.

தனி நெசவாளர் ஒருவரால் இத்தகைய நிலையத்தை அமைத்தல் இயலாது. சங்கமாகக் கூடினால் இயலும். நொய்யலாற்று மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை நாம் மறத்தலாகாது. கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கால், உப்பும் கடினத்தன்மையும் மட்டுமன்றி, உலோகங்களையும் பெயர் குறித்துச் சோதிக்குமாறு கேட்பீர்களாக. கேளாவிடில் அவை சோதனைத் தாளில் இடம்பெறாமற் போகும்.