நடுக்குரலுக்கு ஏற்ற பாட்டுகள்

மேனாட்டுச் சங்கீதத்தில் பெண்மக்களின் குரலைப் பொதுவாக மூவகையாகப் பகுப்பர். உயர்ந்து இயங்குவது சோப்ரானோ. தாழ்ந்து ஒலிப்பது கன்ட்ரால்டோ. இடைப்பட்டது மெஸ்ஸோ சோப்ரானோ. மெஸ்ஸோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு நடு என்பது பொருள். இக்குரல் வாய்ந்தோருட் சிலர், மேல் ஸ்வரத்தை எட்டுவதே பாட்டின் மேன்மை எனக் கருதித் தம் சாரீரத்தை வருத்துகின்றனர். எட்டாதபோது மனம் தளர்ந்து பாடுவதையே விட்டுவிடுகின்றனர். இஃது இரங்கத்தக்கது. குறை குரலில் அன்று, பாட்டைத் தேர்ந்த முறையிலேயே உளது.

ஒரு பாட்டின் உச்ச ஸ்வரம் யாது என வினவினால் மட்டும் போதாது. அதன் பெரும்பகுதி எவ்விடத்தில் தங்குகிறது என்பதையும் நோக்க வேண்டும். மலையுச்சியை ஒரு முறை கண்டு இறங்குதல் எளிது. அங்கேயே குடியிருத்தல் அரிது. குரலுக்கும் அவ்வாறே.

இந்நெறிப்படி, இனிமையும் எளிமையும் வாய்ந்த சிலவற்றைக் கூறுவோம். பிராம்ஸ் 1868-ல் இயற்றிய தாலாட்டு ஒரே ஸ்தாயிக்குள் அடங்குவது. தொடக்கத்திற்கு மிகவும் ஏற்றது. அடுத்து, மொஸார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' என்னும் இசை நாடகத்தில் (1786) கெருபினோ பாடும் 'வோய் கெ ஸபேத்தே' என்பதைக் கொள்ளலாம். கெருபினோ ஓர் இளம் பணியாள். அவ்வேடத்தைப் பெண்களே பூணுவர். தன் உள்ளத்தில் எழுவது காதல்தானோ என்று அவன் மாதரை வினவும் பாட்டு அது. நடு ஸி முதல் மேல் ஸ்தாயி எஃப் வரையே செல்வதாயினும், சிறுவனுடைய தவிப்பும் நாணமும் தோன்றப் பாடுவதற்கு நிறைய இடமளிக்கிறது. மூச்சை நெடிது நிறுத்திப் பழக விரும்புவோர், ஹாண்டலின் 'ஸெர்ஸே' (1738) நாடகத்தில் பாரசீக மன்னன் ஒரு மரத்தின் நிழலைப் போற்றிப் பாடும் 'ஓம்ப்ரா மாய் ஃபூ' என்பதைப் பயிலலாம்.

ஷூபர்ட் 1815-ல் கதேயின் கவிதைக்கு இசை வகுத்த 'ஹைடன்ரோஸ்லைன்' என்னும் பாட்டு மூலத்தில் சற்றே உயர்ந்தது. அதனால் அதனை ஒதுக்க வேண்டுவதில்லை. இத்தகைய தனிப்பாட்டுகள் உயர்ந்த, நடுத்தரமான, தாழ்ந்த சுருதிகளில் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. பாடுவோர் தமக்குரியதைத் தெரிந்துகொள்ளலாம். இசை நாடகப் பாட்டுகளையோ, மூலச் சுருதியிலேயே பாடுவது பெருவழக்கு. ஆகவே அவற்றைத் தேருங்கால் கூடுதலான கவனம் வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தபின் அதனை இருமுறை தொடர்ந்து பாடிப் பார்த்தல் நன்று. முடிவில் தொண்டை இறுகாமல், பேச்சு இயல்பாக வருமாயின் அப்பாட்டு தகுந்ததே. இறுகுமாயின், சுருதியை இறக்கியோ வேறு பாட்டை நாடியோ பயில்க. கேட்போர் பாடகியின் வருத்தத்தைக் கேட்க வருவதில்லை. பாட்டைக் கேட்கவே வருகின்றனர்.