வெளிநாட்டுக் காசோலை: கணக்கில் தெரியும் தொகை கைக்கு வந்த பணம் ஆகாது

அமெரிக்காவிலிருந்து அஞ்சலில் வந்த காசோலையை வங்கியில் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. கைப்பேசிச் செயலியில் பார்த்தால் கணக்கில் தொகை ஏறியிருக்கிறது. இனிச் சரக்கை அனுப்பிவிடலாம் என்று பல சிறு வர்த்தகர்கள் முடிவெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். வெளிநாட்டுக் காசோலையைப் பொறுத்தவரை அது அவசர முடிவாகிவிடலாம். கணக்கில் தெரிகிற தொகை பல நேரங்களில் வங்கி நம்பிக்கையின்பேரில் கொடுத்த முன்பணம் மட்டுமே. காசோலை திரும்பி வந்தால் அதுவும் திரும்பிப் போய்விடும்.

சிங்கப்பூரில் இருந்தபடியே பரதநாட்டிய உடைகள், பூசைப் பொருள்கள், புத்தகங்கள் ஆகியவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்புவோரும், மென்பொருள், மொழிபெயர்ப்பு, இணையவழி இசை வகுப்பு போன்ற சேவைகளை வழங்குவோரும் இச்சிக்கலை எதிர்கொள்ளக்கூடும். இவர்களில் பலர் ஓரிருவரை வைத்து நடத்தும் சிறு நிறுவனத்தினர். ஒரு காசோலை திரும்பினாலும் அந்த மாத வாடகையே தடுமாறிவிடும்.

இங்கே மறைகிறது, அங்கே தொடர்கிறது

சிங்கப்பூரில் காசோலையின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2016ல் ஏறத்தாழ 61 மில்லியனாக இருந்த காசோலைப் பரிவர்த்தனைகள் 2022ல் 19 மில்லியனுக்கும் கீழே இறங்கின. 2023 நவம்பர் மாதத்திற்குள் வங்கிகள் காசோலைகளுக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த ஆண்டு ஜூலையில் அறிவித்தது. நிறுவனங்களுக்குப் புதிய காசோலைப் புத்தகம் வழங்குவதை 2025 இறுதியில் நிறுத்துவது, சிங்கப்பூர் வெள்ளியில் எழுதப்பட்ட நிறுவனக் காசோலைகளை 2026 இறுதி வரை மட்டும் ஏற்பது என்று பின்னர் கால அட்டவணை வகுக்கப்பட்டது.

வேறு நாடுகளும் இதே திசையில் செல்கின்றன. நியூசிலாந்தின் பெரிய வங்கிகள் 2021க்குள் காசோலையைக் கைவிட்டன. ஆஸ்திரேலியா 2028 ஜூன் இறுதியில் புதிய காசோலைகளையும், 2029 செப்டம்பர் இறுதியில் அவற்றை ஏற்பதையும் நிறுத்தத் திட்டமிட்டுள்ளது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சிறு நிறுவனங்களும், தொண்டூழியர்கள் நடத்தும் சங்கங்களும் கோயில்களும் இன்னமும் காசோலையைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க மத்திய அரசாங்கமே 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, காகிதக் காசோலை வழங்குவதை நிறுத்த முடிவு செய்தது. ஆனால் அந்த முடிவு தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆக, அனுப்புகிறவருக்குப் பழகிப்போன ஒரு தாள், பெறுகிறவரின் ஊரில் அரிய பொருளாகிவிட்டது.

காசோலை போகும் பாதை

அமெரிக்காவுக்குள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசோலை தாளாகப் போக வேண்டியதில்லை. 2004 அக்டோபரில் நடப்புக்கு வந்த ஒரு சட்டம் காசோலையின் மின்படத்தைக் கொண்டே கணக்குத் தீர்க்க வழிசெய்தது. அந்த வசதி அந்நாட்டு வங்கிகளுக்கு இடையிலானது.

அதே காசோலையைச் சிங்கப்பூர் வங்கியில் கொடுத்தால் பாதை நீள்கிறது. இங்குள்ள வங்கி அதை அமெரிக்காவில் தனக்குத் தொடர்புள்ள ஒரு வங்கிக்கு அனுப்பும். அந்த வங்கி, காசோலை எந்த வங்கியின் பெயரில் எழுதப்பட்டதோ அதனிடம் பணம் கேட்கும். பணம் கிடைத்த பிறகு அதே வழியில் திரும்பி வரும். பல வங்கிகளில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டுக் காசோலைகளை ஏற்பதைக் குறைத்துக்கொண்ட வங்கிகளும் உண்டு. அதனால் வாடிக்கையாளர் காசோலையை அஞ்சலில் போடுவதற்கு முன்பே, தம் வங்கி அதை ஏற்குமா என்று வர்த்தகர் கேட்டுக்கொள்வது நல்லது.

வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி

வெளிநாட்டுக் காசோலையை வங்கிகள் பொதுவாக இரண்டு முறைகளில் கையாள்கின்றன.

முதலாவது, வசூல் முறை. அங்கிருந்து பணம் வந்த பிறகுதான் வாடிக்கையாளர் கணக்கில் தொகை சேரும். தாமதம் அதிகம், ஆபத்து குறைவு.

இரண்டாவது, வங்கி காசோலையை வாங்கிக்கொள்ளும் முறை. வங்கி தன் கைப்பணத்தை உடனடியாகவோ சில நாளிலோ கணக்கில் சேர்த்துவிட்டு, பிறகு அங்கிருந்து வசூலித்துக்கொள்ளும். காசோலை திரும்பிவிட்டால் கொடுத்த தொகையை வாடிக்கையாளரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அதற்கான ஒப்புதல் கணக்கு தொடங்கும்போதோ காசோலைப் படிவத்திலோ பெறப்பட்டிருக்கும்.

இரண்டாவது முறையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “என் காசோலை எந்த முறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது? இந்தத் தொகை இறுதியானதா?” என்று வங்கியில் கேட்டால் விடை தெரிந்துவிடும்.

‘பணம் கிடைத்துவிட்டது’ என்று தெரிந்த பிறகும் ஒரு சிறு ஆபத்து எஞ்சியிருக்கும். கணக்கில் பணம் இல்லை என்றால் அமெரிக்க வங்கி அதை விரைவாகவே சொல்லிவிடும். கையெழுத்து போலி, தொகை திருத்தப்பட்டது போன்ற புகார்கள், கணக்கின் உரிமையாளர் தம் வங்கி அறிக்கையைப் பார்த்த பிறகுதான் எழும். பெரிய தொகையைப் பெற்ற புதிய வாடிக்கையாளர் என்றால் கூடுதலாகச் சில வாரம் பொறுத்திருப்பது பாதுகாப்பு.

கட்டணமும் நாணய மாற்றும்

கட்டணம் பெரும்பாலும் பெறுகிறவர் தலையில்தான் விழும். இங்குள்ள வங்கியின் வசூல் கட்டணம், கூரியர் செலவு, அங்குள்ள வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை ஆகியவை இதில் அடங்கும்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. 800 டாலர் காசோலைக்கு இம்மூன்றும் முறையே 25, 30, 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 725 டாலர். விற்பனையில் நூற்றுக்கு ஒன்பது டாலருக்கு மேல் போய்விடுகிறது. காசோலை 300 டாலர்தான் என்றாலும் கட்டணம் பெரிதாகக் குறையாது. அப்போது கால் பங்கு போய்விடும். சிறு தொகைக்கு வெளிநாட்டுக் காசோலை கட்டுப்படியாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நாணய மாற்று விகிதம் இன்னொரு கண்ணி. வசூல் முறையில், காசோலையைக் கொடுத்த நாளின் விகிதம் கிடைக்காது. பணம் வந்து சேரும் நாளின் விகிதமே கிடைக்கும். காசோலை திரும்பினால் இழப்பு இரட்டிப்பாகும். வங்கி ஒரு டாலரை 1.28 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு 1,000 டாலருக்கு 1,280 வெள்ளி கொடுத்திருந்தது என்று கொள்வோம். காசோலை திரும்பிய நாளில் வங்கியின் விற்பனை விகிதம் 1.31 என்றால் 1,310 வெள்ளி பிடித்துக்கொள்ளப்படும். ஒரு பொருளும் விற்காமலே 30 வெள்ளி நட்டம், கட்டணம் தனி. அமெரிக்க டாலர் கணக்கு வைத்திருப்போர் தொகையை டாலராகவே சேர்த்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெயர்: காசோலையில் உள்ள பெயர் வங்கிக் கணக்கின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். நிறுவனத்திற்கு வர வேண்டிய காசோலையை உரிமையாளர் பெயரிலோ கடைப் பெயரிலோ எழுதிவிடுவது உண்டு. விலைச்சீட்டிலேயே பதிவுபெற்ற முழுப்பெயரை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

தேதி: அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/07 என்பது அவர்களுக்கு மார்ச் 7, நமக்கு ஜூலை 3. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடப்பாடு அமெரிக்க வங்கிகளுக்கு இல்லை. தபாலிலும் வங்கியிலும் கழியும் வாரங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தொகை: எழுத்திலும் எண்ணிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி முரண்பாடு இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும். ஆனாலும் சந்தேகத்திற்கு இடமான காசோலையை வங்கி திருப்பி அனுப்பலாம்.

நகல்: இருபக்கமும் படமெடுத்து, விலைச்சீட்டோடு சேர்த்து வைப்பது நல்லது. தபாலில் தொலைந்தால் மாற்றுக் காசோலை கேட்க உதவும். சிங்கப்பூரில் வர்த்தகப் பதிவுகளை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் வரிக் கணக்குக்கும் பயன்படும்.

கூடுதலாக அனுப்பும் ‘நல்ல’ வாடிக்கையாளர்

காசோலைத் தாமதத்தையே முதலாக வைத்து நடக்கும் மோசடி ஒன்று உண்டு. புதிய வாடிக்கையாளர் ஒருவர் 2,000 டாலருக்குப் பொருள் கேட்பார். வரும் காசோலையில் 5,000 டாலர் இருக்கும். “கணக்காளர் தவறாக எழுதிவிட்டார். மீதியை என் சரக்குப் போக்குவரத்து முகவருக்கு அனுப்பிவிடுங்கள், அவசரம்” என்று தகவல் வரும். கணக்கில் 5,000 தெரிவதால் வர்த்தகர் 3,000 டாலரை அனுப்பிவிடுவார். சில வாரத்தில் காசோலை போலி என்று திரும்பும். முழுத் தொகையையும் வங்கி எடுத்துக்கொள்ளும். அனுப்பிய 3,000 டாலரும் பொருளும் போனது போனதுதான்.

அமெரிக்காவிலேயே இந்த மோசடி பரவலாக நடக்கிறது. அங்கே குறிப்பிட்ட நாள்களுக்குள் தொகையை எடுக்க வங்கிகள் அனுமதிக்க வேண்டும் என்று விதி உள்ளது. காசோலை போலி என்று தெரியவர அதைவிட அதிக நாளாகலாம். அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

காசோலையில் கேட்டதைவிட ஒரு டாலர் கூடுதலாக இருந்தாலும் அதை வங்கியில் போடாமல், சரியான தொகைக்கு வேறு காசோலை கேட்பதே முறை. சந்தேகம் இருந்தால் காசோலையில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்பாமல், அந்த வங்கியின் இணையத்தளத்தில் உள்ள எண்ணில் விசாரிக்கலாம். சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் எந்நேரமும் செயல்படுகிறது.

அமெரிக்காவில் கணக்கு இருந்தால்

அங்கே நிறுவனம் பதிந்து, அமெரிக்க வங்கியில் கணக்கு வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து நடத்துவோருக்கு வேலை எளிது. காசோலையின் பின்புறம் கையெழுத்திட்டு, வங்கி கேட்கும் வாசகத்தை எழுதி, செயலியில் படமெடுத்துச் சேர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து இவ்வசதியைப் பயன்படுத்த முடியுமா, நாளொன்றுக்கு எவ்வளவு வரம்பு என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படமெடுத்த தாளை மறுபடியும் வேறு வங்கியில் போட்டுவிடாதபடி குறித்து வைப்பதும் அவசியம்.

காசோலைகள் அங்குள்ள ஒரு முகவரிக்குப் போகின்றன என்றால், அந்த முகவரியின் பாதுகாப்பும் முக்கியம். அமெரிக்காவில் தபாலைத் திருடி, காசோலையின் எழுத்தை அழித்துப் பெயரை மாற்றும் மோசடி பெருகியதால், அந்நாட்டு நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. தெரிந்தவர் வீட்டுத் தபால்பெட்டியைவிட, வங்கியே காசோலைகளை நேரடியாகப் பெற்றுக் கணக்கில் சேர்க்கும் தபால்பெட்டிச் சேவை பாதுகாப்பானது.

இந்திய ரூபாய்க் காசோலை

தமிழ்நாட்டில் கடை, வாடகை வீடு, பங்குத் தொழில் வைத்திருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு வேறு கணக்கு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு உள்நாட்டில் கிடைக்கும் வருமானத்திற்கான ரூபாய்க் காசோலை ‘என்ஆர்ஓ’ கணக்கில் சேர வேண்டும். அதிலிருந்து வரி கட்டி, உரிய ஆவணங்களோடு ஒரு நிதியாண்டில் 1 மில்லியன் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

இந்தியக் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான். 2012 ஏப்ரல் முதல் இதுவே விதி. காசோலை பணமின்றித் திரும்பினால் சட்ட நடவடிக்கைக்கும் கெடு உண்டு. வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் பணம் கேட்க வேண்டும். கடிதம் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் அவர் கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வங்கியின் கடிதம் ஊரில் பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் கிடந்தால் இந்த நாள்கள் யாருக்கும் தெரியாமல் கரையும். வங்கித் தகவல்கள் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்வதும், நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து வைப்பதும் அதனால்தான் தேவைப்படுகிறது.

காசோலைக்குப் பதிலாக

வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்பும் தந்திவழிப் பணமாற்று பெரிய தொகைக்கு ஏற்றது. அமெரிக்கக் கணக்கு எண்ணோடு சேவை வழங்கும் நிறுவனங்கள் மூலம், அங்குள்ள வாடிக்கையாளர் உள்ளூர்க் கணக்குக்கு அனுப்புவதுபோலவே பணம் செலுத்தலாம். சிறு தொகைக்கு அட்டைவழிக் கட்டணம் காசோலையைவிட மலிவாக முடியும்.

வாடிக்கையாளரிடம் இதைக் கேட்கச் சிலர் தயங்குவார்கள். விலைச்சீட்டின் கீழே கணக்கு விவரங்களைத் தந்து, “காசோலை என்றால் வங்கிக் கட்டணம் தனி. வசூலான பிறகே பொருள் அனுப்பப்படும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உண்மையான வாடிக்கையாளர் அதைப் புரிந்துகொள்வார். அந்த வரியைப் பார்த்து அவசரப்படுத்துகிறவரின் காசோலையைத்தான் இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டும்.